மடைமேல் கிடந்த தலைத்துணி

முஸ்னா கல் உடைக்கிறவர் வீட்டுப் பெண். அவளுடைய அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் பதினைந்து வீட்டுக்காரர்களும் பாறையைப் பிளந்துதான் வாலான் மலை ஊருக்குப் பெரிய வாய்க்கால் வந்தது. வெட்டச் சொன்னது ராணி லுபாபா. அதற்கு முன்னால் ஏமன் நாட்டு மலையில் மற்ற ஊர்களைப்போல அந்த ஊரும் மழையை நம்பிக் கிடந்ததுதான்.

முஸ்னாவைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு அவள் புருஷன் காய்ச்சலில் போனான். துக்கம் முடியுமுன்னே அவன் தம்பி தஹ்மான், பொம்பளைக்கு ஏது தண்ணீர் முறை என்று அவள் சோள வயலின் மடையை அடைத்தான். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டைக்கு நடந்தாள்.

ராணி திரைக்குப் பின்னால் இருந்தார். "உன் வயல் பெரிய மடைக்கு மேலயா, கீழயா?" என்று குரல் மட்டும் வந்தது.

"கீழ, தாயே."

"அப்ப வியாழக்கிழமைத் தண்ணி உனக்கு."

அந்த வியாழன் ஈட்டிக்காரர் இரண்டு பேர் வந்து அவள் மடைமேல் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றார்கள். தஹ்மான் தானே வந்து அடைப்பை எடுத்தான். பிள்ளை வளர்ந்ததெல்லாம் அந்த வியாழக்கிழமைத் தண்ணீரில்தான்.

பிறகு ராணி இறந்தார். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் இமாம் புதுச் சுல்தானின் பெயரைச் சொன்னார். இத்தனை வருஷம் அதே மேடையில் சொன்ன ராணியின் பெயரை ஒரு துஆப் பிரார்த்தனைக்குக்கூட எடுக்கவில்லை. ஊருக்கு அது போதுமாயிருந்தது. அடுத்த வியாழன் முஸ்னா மண்வெட்டியோடு போனால், மடையில் கல் வைத்துக் களிமண் பூசியிருந்தது. சோளம் பால் பிடிக்கிற நேரம். இந்தத் தண்ணீர் தவறினால் கதிரெல்லாம் பதர்.

"என்ன தஹ்மான் இது?"

"ராணி போயாச்சு, அண்ணி. அவங்க பேச்சும் கூடவே போச்சு. திரைக்குப் பின்னால இருந்து சொன்னதுக்கெல்லாம் இன்னமும் ஆம்பளைங்க தலையாட்டணுமா?"

"அவங்க உசுரோட இருந்தப்ப கழுத்து சுளுக்கற மாதிரி ஆட்டுனியே."

பக்கத்து வயல்காரர்கள் சிரித்தார்கள். மடையை யாரும் திறக்கவில்லை. இமாமிடம் போனாள். "பொறுமையா இரும்மா, பெரியவங்க கூடிப் பேசுவாங்க" என்றார்.

"நான் பொறுப்பேன். சோளம் பொறுக்குமா?"

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. நியாயம் கேட்டு ஒரு பெண் தன் தலைத்துணியை ஆண்கள் முன் எறிந்துவிட்டால், பதில் சொல்லாமல் எவனும் அதைத் தாண்டவும் கூடாது, தொடவும் கூடாது. சபையில்தான் எறிவார்கள். முஸ்னா நேரே மேலே ஏறிப்போய் ஊருக்கே தண்ணீர் விடுகிற பெரிய மடையின் பலகையை இறக்கினாள். துணியை அவிழ்த்துப் பலகைமேல் போட்டு ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். நரைத்த தலையோடு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உச்சிப் பொழுதுக்குள் பள்ளிவாசல் தொட்டி வறண்டது. மாடுகள் கத்தின. ஆண்கள் திரண்டு வந்து, அவள் தலையைப் பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

"தலைய மூடுங்க அண்ணி. மானம் போகுது."

"உன் மானத்த என் மடையில வச்சுப் பூசியிருக்கே. போய்த் தோண்டி எடு." "ராணி பேச்சு செல்லாதுன்னா இந்த வாய்க்காலும் செல்லாது. இதுவும் அவங்க பேச்சுல வந்ததுதான். எங்கப்பன் உடைச்ச கல்லு. நீங்கெல்லாம் மழையப் பாத்துப் பயிர் பண்ணுங்க."

ஒரு வாலிபன் துணியை எடுக்கக் கை நீட்டினான். "தொட்டுட்டு வீட்டுப்பக்கம் வந்துடாதே" என்றாள் பின்னால் காலிக் குடத்தோடு நின்ற அவன் தாய்.

கடைசியில் தஹ்மான்தான் போனான். ஊர் பார்க்கக் களிமண்ணைப் பெயர்த்துவிட்டு, சேற்றுக் கையோடு வந்து துணியை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"யார் குடுத்த தண்ணி?"

அவன் இமாமைப் பார்த்தான். இமாம் தரையைப் பார்த்தார்.

"ராணி லுபாபா குடுத்த தண்ணி."

"கீழ் வயலுக்குக் கேக்கல."

இன்னொரு முறை உரக்கச் சொன்னான். அதன் பிறகே துணியை வாங்கிக் கட்டிக்கொண்டு பலகையைத் தூக்கினாள்.

சாகிறவரை அவள் தஹ்மானோடு பேசவில்லை. வியாழக்கிழமைதோறும் தன் மடைமேல் தானே உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்பாள். அவன் அந்த வழியாகப் போனால் கொட்டையை அவன் காலடியில் துப்புவாள்.