காலி வண்டியின் சைரன்

காக்ஸ் டவுன் நலச்சங்கத்து ஆம்புலன்ஸை எத்திராஜ் ஓட்டிய காலத்தில், அதில் உயிரோடு ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நெஞ்சுவலிக்காரர்கள் ஆட்டோவில் போவார்கள். செத்தபின் ஆம்புலன்ஸில் வருவார்கள். ஆக்சிஜன் சிலிண்டருக்குக் குறைவில்லை. ஆயுதபூஜைக்கு அதற்குப் பொட்டு வைப்பார்கள். "நெஞ்சுவலின்னா நடக்க விடாதீங்க, என்னைக் கூப்பிடுங்க" என்று எத்திராஜ் வீடுவீடாகச் சொல்லிவைத்தார். அதிலிருந்து அவர் தலையைக் கண்டாலே சிலர் கதவைச் சாத்தினார்கள்.

தொண்ணூற்றாறில் ஒரு பகல், அவர் மனைவி வேதநாயகி அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"கேஸ்தான்யா. ஒரு சோடா வாங்கியா."

"கேஸும் இல்ல, மண்ணும் இல்ல. அசையாத, ஸ்ட்ரெச்சர் எடுத்தாறேன்."

"அதுலயா? நேத்துதானே கோடி வீட்டு சின்னப்பாவ அதுல பொணமா இட்டாந்த? வேணாம், பேடாப்பா!"

"கழுவிட்டேன்டி."

"நீ கழுவுற லட்சணம் தெரியாதா? தின்ன தட்டையே ஒழுங்கா கழுவமாட்ட."

நாக்கடியில் கரையட்டும் என்று எத்திராஜ் வைத்த மாத்திரையைத் தண்ணீர் குடித்து விழுங்கினாள். தூக்கப் போனால் கத்தினாள். கத்துவது நெஞ்சுக்கு ஆகாதே என்று எத்திராஜ் கையை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு சரசு அதற்குள் ஆட்டோ பிடித்துவிட்டாள். சந்துக்குள் ஆட்டோ நுழையாது. வேதநாயகி புடவை மாற்றிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் தன் காலாலேயே நடந்தாள். ஊருக்கெல்லாம் சொன்னவர் அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

ஆம்புலன்ஸும் அந்த முனையில்தான் நின்றது.

"நான் முன்னாடி சைரன் போட்டுப் போறேன், ஒட்டினாப்ல வா" என்றார் ஆட்டோக்கார கோவிந்தப்பாவிடம்.

"ஆய்த்தண்ணா" என்று கன்னடத்தில் சரி சொன்னான்.

சைரனுக்குப் பிரேசர் டவுன் மரியாதையாக வழிவிட்டது. காலி வண்டி பறந்தது. கிடைத்த இடைவெளியில் ஸ்கூட்டர்களும் ஒரு பஸ்ஸும் புகுந்துகொண்டன. ஆட்டோ அவற்றுக்குப் பின்னால் எங்கேயோ நின்றுபோனது.

ஆஸ்பத்திரி வாசலில் எத்திராஜ் ஸ்ட்ரெச்சரை விரித்துவைத்துக்கொண்டு நின்றார். வார்டு ஆள் வண்டிக்குள் எட்டிப்பார்த்தான்.

"பேஷன்ட் எங்கய்யா?"

"பின்னாடி வர்றாங்க."

ஆட்டோ வந்தபோது அதில் சரசு அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் வேதநாயகியின் இமையை விலக்கிப் பார்த்தார். "ஏன் ஆட்டோல கொண்டுவந்தீங்க? ஆம்புலன்ஸ் கிடைக்கலையா?"

சரசு எத்திராஜைப் பார்த்தாள். அவர் வேதநாயகியின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வேதநாயகி ஆம்புலன்ஸில்தான் வந்தாள். பிணத்துக்குச் சைரன் போடுகிற வழக்கமில்லை. எல்லாச் சிக்னலிலும் நின்று நின்று ஓட்டினார்.