ஏரிக்கரை ஓநாய்மேல் எழுதிய மனு

யுத்தம் தொடங்கிய பின் வந்த மாசியில், மாங்காட்டில் எங்கள் பட்டியிலிருந்த ஐந்து ஆடுகள் கடிபட்டுச் செத்தன. ஒவ்வொன்றுக்கும் தேதி, கிழமை, காயம் ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதினேன். ஏரிக்கரையில் திரிந்த ஓநாயைச் சுடும்படி தாசில்தாருக்கு மனுவும் எழுதினேன். பங்குனி முதல் வெள்ளியன்று வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்து அதைச் சுட்டார்.

அடுத்த செவ்வாயன்று ஆறாவது ஆடு செத்தது. எருவுக்காக எங்கள் வயலில் கிடை போட வந்த கரையான்சாவடி ஆட்டுக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, ஓநாய்னா கழுத்தையில்ல கவ்வும்? இதுக்குத் தொடை பிஞ்சி கீது பாரு. ஊர் நாய்ங்க வேலை இது!"

நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஐந்துக்கும் 'பின்தொடையில் கடி' என்று நானே எழுதியிருந்தேன்.

எங்கள் தெரு நாய்களைச் சுட மனு எழுத எனக்குக் கை வரவில்லை. அவற்றைக் கட்டிப்போட்டோம். அதன்பின் ஓர் ஆடும் சாகவில்லை.