சூசையக்காவின் ஒயினும் தேவசகாயத்தின் சோடாவும்

சனிக்கிழமை காலையில், வார்டு கூட்டும் மாதம்மா வந்து, தேவராஜ மொஹல்லாவில் சோடாக் கடை திறக்கவில்லை என்றாள். தசராவுக்கு ஊரே திரண்டிருக்கும் நேரம். அந்த நாளில் தேவசகாயம் கடையைப் பூட்டி வைத்திருக்கிறார் என்றால் காரணம் சின்னதாக இருக்க முடியாது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். அவர் மனைவி, எங்கள் சூசையக்கா, போய்விட்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு, இன்றைக்கு டிகாக்‌ஷன் நன்றாக இறங்கியிருக்கிறது என்று சொன்னாராம். சற்றுச் சாய்ந்துகொள்கிறேன் என்று போனவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் அக்காவோடு வேலை பார்த்தவர்களும், அவர் கையால் வாங்கிக் குடித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களை அழ வைக்க எனக்கு வராது. அக்காவைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே சந்தோஷம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

நான் நர்ஸாகச் சேர்ந்தபோது அவர் பிரசவ வார்டுக்குப் பெரிய சிஸ்டர். டியூட்டி முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் சமையலறை மேடையில் டம்ளர்கள் வரிசையாக நிற்கும். வெயில் காலத்தில் ஏலக்காய் தட்டிப் போட்ட பானகம். மழை பிடித்தால் சுக்குக் காப்பி. மார்க்கெட்டில் நாவல் பழம் குவிந்ததும் எங்கள் எல்லோர் விரலும் ஊதாவாகிவிடும். சில வாரங்களில் நாவல் ஒயின். கிறிஸ்துமஸுக்கென்று பெங்களூர்த் திராட்சை ஒயின் தனியாகப் பீங்கான் ஜாடியில் ஊறும். யாருக்கும் ஒரு சின்ன டம்ளர்தான். இன்னும் கேட்டால், “ரெண்டாவது டம்ளர்ல ருசி தெரியாது கண்ணு, பேடா, வேண்டாம்” என்பார்.

ஒரு வருஷம் அந்தக் கிறிஸ்துமஸ் ஜாடியை அக்கா டிசம்பர் பிறப்பதற்கு முன்பே திறந்துவிட்டார். பிரசவமான பெண் ஒருத்தி ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தாள். டாக்டரம்மா கைவிட்டாயிற்று, வீட்டார் வெளியே அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு காலையில் அவள் தானாகக் கண் விழித்து, பசிக்கிறது, கஞ்சி வேண்டும் என்றாள். கஞ்சி ஊட்டிவிட்டு அக்கா நேரே குவார்ட்டர்ஸுக்கு வந்து ஜாடி வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வது என்று நாங்கள் பதறினோம். “அவ எழுந்து உக்காந்துட்டா. இதை விடவா விசேஷம் வரப் போகுது?” என்றார். அந்தத் திராட்சை ஒயின் இன்னும் என் நாக்கில் இருக்கிறது. பண்டிகையன்று வந்த பங்குச் சாமியாருக்கு எலுமிச்சை ஜூஸ்தான் கிடைத்தது. அவரும் காரணத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே குடித்தார்.

தேவசகாயம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ரத்தம் சொட்டச் சொட்ட. காஸ் ஏற்றும்போது கோலி சோடா பாட்டில் வெடித்து உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மனைவியை இழந்தவர், கூச்ச சுபாவம். அக்காதான் கட்டுப் போட்டார். மறுநாள் ஒரு பெட்டி இஞ்சி சோடா வந்து இறங்கியது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, கறிகாய் வாங்கப் புறப்பட்ட என்னிடம், இஞ்சி அருமை, சர்க்கரை ஜாஸ்தி என்று மார்க்கெட் பக்கத்துக் கடையில் அவரிடம் சொல்லச் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். மனிதர் முகம் சிவந்துவிட்டது. அடுத்த வாரம் சர்க்கரை குறைந்து வந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒரு துளி எலுமிச்சை சேர்ந்து வந்தது. பதிலுக்கு நாவல் ஒயின் போயிற்று. காலி பாட்டிலோடு அவர் சொல்லி அனுப்பியது, இதைக் குடித்த பிறகு என் சோடா எனக்கே பிடிக்கவில்லை என்று.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் அக்கா தன் ஒயினில் பாதியும் அவர் சோடாவில் பாதியுமாகக் கலந்து எங்களுக்குக் கொடுத்தார். நுரை பொங்கி மூக்கில் ஏறியது. புளிப்பு, காரம், பழ வாசனை எல்லாம் ஒன்றாக வந்தன. நாங்கள் கூச்சல் போட்டதில் மேட்ரனே எட்டிப் பார்த்தார். அக்காவோ டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

தேவசகாயம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார், அக்கா சம்மதித்தார். அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணமானால் வேலையையும் குவார்ட்டர்ஸையும் விட வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரியின் விதி. கொள்ளேகாலில் பட்டு வியாபாரம் செய்யும் அக்காவின் அண்ணன் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

“இந்த வயசுல கண்ணாலமா? என்ற வீட்டுல நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று வாசலிலேயே நின்று கேட்டார்.

அக்கா அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றி மேஜைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. “அண்ணா, இத்தனை வருஷமா எத்தனையோ பேர் வாயில நான் ஊத்திவிட்டிருக்கேன். எனக்குன்னு ஒண்ணு செஞ்சு கொண்டுவந்து, எப்படி இருக்குன்னு கேட்டு, பதிலுக்குக் காத்துட்டு நின்னவர் இவர் ஒருத்தர்தான். நான் போறேன்.”

அண்ணன் டம்ளரைத் தொடாமல் போய்விட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை. அன்று காலையில் கோயில் வாசலையே அக்கா இரண்டு தரம் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். ஆனால் விருந்தில் அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. மார்க்கெட்டின் பூக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எங்கள் நர்ஸுகள், டாக்டரம்மா என்று கூட்டம் நெரிந்தது. ஒயின் தொடாதவர்களுக்குக் கோலி சோடா. மாப்பிள்ளையே நின்று கோலிகளை உள்ளே தள்ளித் திறந்துகொண்டிருந்தார். பட்டாசு மாதிரி சத்தம். ஜெபம் சொல்ல எழுந்த சாமியார் அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடை இருவருடையதாயிற்று. ஒயின் வீட்டோடு நின்றது. கடையில் அக்காவின் பானகமும் சர்பத்தும் சேர்ந்தன. கடைசிவரை தேவசகாயம் மனைவியை “சிஸ்டர்” என்றுதான் கூப்பிட்டார். மறு தசராவுக்கு அக்காவின் அண்ணன், தன் மகளோடு கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, “என்னமோ கலந்து குடுப்பியாமே, அதக் குடு ஆயி” என்றார். அக்கா கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய் ஒயினும் சோடாவும் கலந்துகொண்டு வந்தார். அண்ணன் குடித்து முடிக்கும்வரை அக்கா மூச்சு விட்டாரா என்பதே எனக்குச் சந்தேகம். அண்ணன் டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அக்கா ஒருவருக்கு இரண்டாவது டம்ளர் ஊற்றினார்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு பொறுமையின்மை. நல்லதைத் தள்ளிப்போட முடியாத பொறுமையின்மை. நான் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்று வைத்திருந்தேன். அடக்கம் முடிந்த வாரமே மேட்ரனிடம் லீவு கேட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டார். விசேஷம் ஒன்றுமில்லை, கடல் பார்க்கப் போகிறேன் என்றேன். வியாழக்கிழமை ரயில்.