லிஜி பார்த்துவிட்டு எடுத்த படங்கள்

கொல்லயில் ஊர்க்காரி லிஜியையும் அவள் கணவன் சஜுவையும் பாறசாலைப் பக்கத்தில் கல்யாணம் வைக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். சஜு வீடியோ எடுப்பான், லிஜி போட்டோ எடுப்பாள். பன்னிரண்டு வருடத் தொழில். ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுப்பாள். விரலை அழுத்திப் பிடித்தால் காமிரா ஓட்டில் விழும் மழை மாதிரி சடசடவென்று போய்க்கொண்டே இருக்கும். நாலாயிரத்தில் நானூறு தேறாதா என்ற தைரியம். தேறவும் செய்தது. யாரும் குறை சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் ஆனந்தபாய் என்ற பெண் அவர்கள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அவளுடைய மகள் கல்யாணத்தை லிஜிதான் எடுத்திருந்தாள். கல்யாணம் முடிந்த ஏழாவது மாதம் ஆனந்தபாயின் கணவர் ரெத்தினதாஸ் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

"அவருக்க படம் ஒண்ணு வேணும் மக்கா. ஆதார் கார்டில உள்ளது அவரு மாதிரியே இல்ல. கல்யாணத்தன்னு முழுக்க சிரிச்சிட்டாக்கும் நின்னாரு. அதில ஒண்ணு தந்தா போதும்."

"இரிங்க அக்கா, இப்ப எடுத்துத் தாறேன்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரைத் திறந்த லிஜி, கடைசியில் அவளை நாளைக்கு வரச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. ரெத்தினதாஸ் அறுபத்துமூன்று படங்களில் இருந்தார். ஒன்றில் யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி முகம். ஒன்றில் கண் மூடியிருந்தது. பலவற்றில் முதுகுதான். ஒரே மூச்சில் எடுத்த பதினொரு படங்களிலும் வாயைத் திறந்து யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குடும்பப் படத்தில் மட்டும் முகம் தெளிவாக இருந்தது. அதிலும் தலைமையாசிரியர் கூப்பிட்டு நிறுத்தியவர் மாதிரி விறைத்து நின்றார்.

மறுநாள் அதைத்தான் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தாள். ஆனந்தபாய் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது மதி, போதும்" என்றாள். வாசலில் செருப்பு போடும்போது திரும்பிக் கேட்டாள்.

"அன்னைக்கு அவரு சிரிச்சத நீ பாக்கலியா மோளே?"

குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். லிஜி பார்க்கவில்லை. காமிரா பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டாள்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. கல்யாணம் இல்லாத நாட்களில் மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, ஸ்கூட்டரில் பூவார் படகுத்துறைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாளைக்குப் பத்துப் படம், அதற்கு மேல் இல்லை என்று தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். முதல் நாள் பத்தும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்து போயின. ஒன்றும் உருப்படி இல்லை. மறுநாளிலிருந்து முதல் கால் மணி நேரம் காமிராவைப் பையை விட்டு எடுக்காமல் சும்மா உட்கார்ந்தாள். கை அரித்தது. ஆனால் கண் வேலை செய்யத் தொடங்கியது.

அங்கே அனூஜ் என்று ஒரு படகோட்டி. காமிராவைக் கண்டதும் முதல் இரண்டு நாள் தலைமுடியைக் கோதிக்கொண்டு போஸ் கொடுத்தான். மூன்றாம் நாள் அவளை மறந்துவிட்டான். கயிற்றை அவிழ்க்குமுன் ஒவ்வொரு தடவையும் அவன் பயணிகளை ஒரு சுற்றுப் பார்ப்பான். பிறகு முன்னால் திரும்பி, தனக்கு மட்டுமாக ஒரு சிரிப்பு சிரிப்பான். அது ஒரு நொடிதான். படகு தெற்கே திரும்பினால் முகத்தில் வெயில் விழும், இல்லையென்றால் கூரையின் நிழல். லிஜி இடத்தை மாற்றி நின்று அவன் படகை மூன்று தடவை போகவிட்டாள். நாலாவது தடவை ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

சாயங்காலம் அதை சஜு பார்த்தான். "கொள்ளாம், நல்லாருக்கு. எத்தன எடுத்த?"

"ஒண்ணு."

"கல்யாண வீட்டில இந்தக் களி, வெளயாட்டு ஒண்ணும் நடக்காது, கேட்டியா. அங்க ஒருத்தனும் நமக்காவ ரெண்டாமத்த வட்டம் தாலி கெட்ட மாட்டான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடுத்த மாதம் வேலாயுதன் என்பவரின் மகள் ஜிஜிக்குக் கல்யாணம். தாலிகட்டு வரைக்கும் லிஜி மேடையை விட்டு நகரவில்லை. அது முடிந்ததும், இந்த அப்பாவையாவது பார்த்து எடுக்க வேண்டும் என்று வேலாயுதனைத் தேடினாள். அவர் பந்திக்கூடத்துக்குப் பின்னால், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே ஒன்றில் தனியாக உட்கார்ந்திருந்தார். லிஜி காமிராவை இறக்கிப் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள். அவர் மனைவி ஷியாமளா கணவனைத் தேடிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, என்னவோ சொன்னாள். அதுவரை இறுகிக் கிடந்த அவர் முகம் இளக, சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். லிஜி மூன்று படம் எடுத்தாள்.

அந்த நேரத்தில் மேடையில் மாப்பிள்ளையின் சிநேகிதர்களான கூட்டுக்காரர்கள் எல்லாரும் ஏறி ஆடி இறங்கிவிட்டார்கள். வீடியோவில் இருந்தது, போட்டோவில் இல்லை. மாப்பிள்ளை ரதீஷ் போனில் கடுமையாகப் பேசினான். லிஜி பொய் சொல்லவில்லை. "நான் அங்க நிக்கல தம்பி. எனக்க தப்பாக்கும்" என்றாள். அன்று சஜுவும் அவளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வேலாயுதனும் ஷியாமளாவும் வந்தார்கள். ஷியாமளா சளசளவென்று பேசிக்கொண்டே பார்த்தவள், அந்தப் படம் வந்ததும் நிறுத்தினாள்.

"இது எப்ப எடுத்த?"

"நீங்க அவரு பக்கத்தில வந்து இருந்தப்ப. நான் அங்கதான் நின்னேன்."

"நாங்க ஒன்னக் கண்டதே இல்லியே" என்ற வேலாயுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஷியாமளா சொன்னாள்: "இது ஆல்பத்தில வேண்டாம். எங்களுக்குத் தனியாப் பெருசாப் போட்டுத் தா."

அவர்கள் போன பிறகு சஜுதான் பேச்செடுத்தான். மேடைக்கு இனி ஒரு ஆளைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான். "நீ ஒனக்க இஷ்டத்துக்கு நில்லு. ஆனா தாலிகெட்டுக்கு நீயும் வரணும்."

இப்போது லிஜி அறுநூறு படத்துக்கு மேல் எடுப்பதில்லை. எண்ணிக்கை கேட்கிற இரண்டு மூன்று பேர் வேறு ஆளைப் பார்த்துப் போனதும் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் அவள் காமிரா இல்லாமல் அந்த வீட்டுக்குப் போவாள். ஒரு சாயா குடித்துக்கொண்டே, யாரையெல்லாம் விடாமல் எடுக்க வேண்டும் என்று கேட்பாள். முதலில் மாப்பிள்ளை, பெண், கூட்டுக்காரர்கள் என்று அடுக்குவார்கள். அவள் எழுந்துவிடாமல் உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் பொறுத்து, தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் சித்தியையோ, படுக்கையை விட்டு எழ முடியாத அண்ணனையோ யாராவது மெல்லச் சொல்வார்கள். லிஜி அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு, அவர் இருக்கும் இடத்தையும் அங்கே எந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது என்பதையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.