மாமாவின் டாங்கியும் உப்பிப்போன பேட்டரியும்

போன சாரல் சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மாடி வீட்டில் நான், என் கணவர், மாமனார் மூன்று பேரும் இருக்கிறோம். கீழ்வீடு பூட்டியே கிடக்கும்.

மாமா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரத் தெரியாதவர் என்பதால், மஸ்கட்டில் இருக்கும் என் நாத்தனார் ஒரு ரிமோட் டாங்கி வாங்கி அனுப்பியிருந்தாள். சின்னப் பிள்ளைகள் பொம்மை இல்லை அது. நல்ல கனம், சங்கிலிச் சக்கரம், பீரங்கி தனியாகத் திரும்பும். மொட்டைமாடியில் மணலைக் கொட்டி மேடு பள்ளம் செய்து, ஹில்ஸ் ரூட்டில் பஸ் ஓட்டுகிற அதே முகத்தோடு மாமா அதை ஏற்றி இறக்குவார்.

அதோடு வந்த பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று ஆன்லைனில் ஒரு லித்தியம் பாலிமர் பேட்டரி வரவழைத்தார். எடை குறைவு, ஓட்டமும் ஜாஸ்தி. ஆனால் அதற்கென்று தனி சார்ஜர் வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பழைய சார்ஜர் வயரில் வேறு ஒரு கனெக்டரை மாட்டினார், விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். நடுவில் ஒருநாள் டாங்கி படியில் உருண்டு விழுந்தது. அதன்பிறகு பேட்டரி லேசாக உப்பியிருந்தது. “பூரி மாதிரில்லா இருக்கு” என்று என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று நாங்கள் இருவர் மட்டும் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். மாமா வரவில்லை, கொஞ்சம் படுக்கிறேன் என்றார். போனால் மெயின் அருவியில் வெள்ளம். போலீஸ் குளிக்க விடவில்லை. முனகிக்கொண்டே திரும்பினோம்.

தெருமுனையில் வரும்போதே ஒரு நெடி அடித்தது. நகப்பூச்சு போல, கொஞ்சம் இனிப்பு கலந்த நெடி. நிமிர்ந்து பார்த்தால் மாமாவின் அறைக்கு வெளியே உள்ள பால்கனியிலிருந்து வெள்ளைப் புகை திரண்டு வருகிறது. கணவர் வண்டியை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினார். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவர் ஓங்கி ஓங்கித் தட்டுவது எனக்குத் தெருவில் கேட்டது.

“அப்பாவுக்குக் கேக்காதுட்டி, மெஷினக் கழத்தி வச்சிருப்பாவ” என்று மேலேயிருந்து கத்தினார். மாமாவுக்குக் காது மந்தம். படுக்கும்போது காது மெஷினைக் கழற்றிவிடுவார்.

அப்போது எதிரே ஒரு கேரளா டூரிஸ்ட் வேன் வந்தது. டிரைவர் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வேனை ரிவர்ஸ் எடுத்து பால்கனிக்குக் கீழே சுவரை ஒட்டி நிறுத்தினார். வேனின் பின்பக்கம் லக்கேஜ் ஏற்றுகிற இரும்பு ஏணி இருந்தது. “சேச்சி, பேடிக்கண்டா, கேறிக்கோ” என்றார். பயப்படாமல் ஏறு என்கிறார் என்று புரிந்தது. அருவிக்குப் போக சுடிதார் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. மழையில் வழுக்கிய அந்த ஏணியில் எப்படி ஏறினேன், கைப்பிடிச் சுவரை எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

காற்றுக்காகப் பால்கனிக் கதவைத் திறந்து போட்டிருந்தார். உள்ளே, கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் சார்ஜில் போட்டிருந்த அந்தப் பேட்டரி, கேஸ் அடுப்பைப் பெரிதாக வைத்ததுபோல் சீறிக்கொண்டு எரிந்தது. நாற்காலி உருகி வழிகிறது, ஜன்னல் திரையில் தீ. மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அசைவே இல்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன்.

தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் விழித்து, என்னைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் புகையை விழுங்கி இருமினார். அவரை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடித் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

கணவர் உள்ளே பாய்ந்து மெயினை அணைத்தார். வேன் டிரைவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடி மணலைப் பக்கெட் பக்கெட்டாக அள்ளி வந்து கொட்டினார். தீ அமர்ந்தது. கருகிய பேட்டரியை மணலோடு ஓர் இரும்புச் சட்டியில் வாரி மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தோம். முடிந்தது என்று மூச்சுவிட்டபோது, மணலைக் கிழித்துக்கொண்டு அது மறுபடி சீறியது. அந்த டிரைவரே இரண்டடி பின்னால் துள்ளினார். அணைந்த தீ திரும்ப எரிவதை நான் அன்றுதான் பார்த்தேன். மீதி மணலையும் மேலே கொட்டி, அது அடங்கும்வரை காத்து நின்றோம்.

மாமா கீழே தெருவில், நடந்தது எதுவும் மனதில் ஏறாதவராக நின்றிருந்தார். காது மெஷின் உள்ளேயே எரிந்துவிட்டது. நான் இறங்கி அருகில் போனதும் கேட்டார், “அதுக்குள்ள வந்துட்டிய. அருவில தண்ணி இல்லியோ?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வேன் கிளம்பியிருந்தது. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பிறகு விவரம் தெரிந்த ஒரு கடைக்காரரைக் கணவர் போனில் பிடித்தார். லித்தியம் பேட்டரிக்கு அதற்கென்று உள்ள பேலன்ஸ் சார்ஜர்தான் போட வேண்டுமாம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லையும் அது சமமாக ஏற்றி, நிறைந்ததும் தானாக நிறுத்துமாம். விழுந்து அடிபட்டதை, உப்பியதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது; சார்ஜ் ஏறும்போது வெறும் தரையில், தீப்பிடிக்கிற சாமான் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, ஆள் கூடவே இருக்க வேண்டும் என்றார். “தூங்குற ரூம்லயா போட்டீங்க?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மாமா கொஞ்ச நாள் டாங்கியைத் தொடவில்லை. ஆக்ஸிடென்ட் ஒன்றுகூட இல்லாமல் வண்டி ஓட்டியவன் நான் என்று ஒருமுறை தன்பாட்டில் சொன்னார், அவ்வளவுதான். இப்போது பழைய பேட்டரியையே போட்டு ஓட்டுகிறார். சார்ஜ் ஏறி முடியும்வரை புதுக் காது மெஷினை மாட்டிக்கொண்டு, மொட்டைமாடி ஷெட்டில் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

தீயையோ புகையையோ விட, அவ்வளவு சீறலுக்கும் நடுவே அவர் அசையாமல் படுத்திருந்த அந்த முதுகுதான் எனக்கு மறக்கவில்லை. இன்றும் வீட்டில் யார் தூங்கினாலும் ஒரு நிமிஷம் நின்று, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்கிறேன்.