போர்டுக்குப் போய்ச் சேராத பேரு

செல்போன் எல்லார் கையிலயும் வராத காலம் அது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்ற கூட்டத்துல ஆள் பிரிஞ்சிட்டா கண்டுபிடிக்கிறது பெரும்பாடு. அதுக்காக அடி அண்ணாமலை பக்கம், பாதையிலயே காணாமப் போனவங்க பேரைக் காட்டற ஒரு லைட் போர்டு வைக்கற வேலையை எங்க அக்கா வீட்டுக்காரர் எடுத்தாரு. டவுன்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருந்தவரு. நான் மெட்ராஸ்ல லினக்ஸ் வேலை பழகிட்டு வந்து, அவர் கடையிலதான் உக்காந்திருந்தேன்.

போர்டை ஓட்டற கார்டு வெளியில வாங்கினது. கூடவே கார்டை இயக்கற டிரைவர் புரோகிராமும் வந்துச்சு. அதைப் படிச்சுப் பாத்தேன், எனக்கு ரத்தம் கொதிச்சுது. நாம டைப் அடிக்கிற பேரு கார்டோட மெமரிக்குப் போகணும், அங்கிருந்துதான் போர்டுல எரியும். அந்த மெமரியை லினக்ஸோட மையமான கெர்னல் நம்ம புரோகிராமுக்குத் திறந்து, மேப் பண்ணிக் குடுக்கும்போதே, இந்த எடத்தைக் கேஷ்ல வெச்சிக்காத, நேரா அனுப்புனு ஒரு செட்டிங் போடணும். அந்த ஒரு வரியை எழுதாம விட்டிருந்தாங்க. அப்படி விட்டா பிராசஸர் எழுத்தைக் கேஷ்ங்கற தன் சின்னத் தற்காலிக மெமரியிலயே வெச்சிக்கும். ஆள் நிரம்பினாத்தான் கெளம்புற ஷேர் ஆட்டோ மாதிரி, பின்னாடி வேற டேட்டா வந்து நெருக்கினாத்தான் அதை வெளிய தள்ளும்.

மாமாகிட்ட சொன்னேன். "தப்பா ஓடறதைக் காட்டு மச்சான், அப்புறம் பேசு"ன்னாரு.

காட்ட முடியல. கடையில எத்தனை தடவை அடிச்சாலும் போர்டுல பேரு டக்குனு மாறுது. டிரைவரை மாத்தறேன்னா, "ஓடறதை எதுக்குப் பிரிச்சுப் போடற, பௌர்ணமி வருதுல்ல"னு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு.

பௌர்ணமி சாயங்காலம், போர்டுக்குக் கீழ ஒரு கொட்டாயில உக்காந்திருந்தோம். ஒரு அம்மா மூச்சு வாங்க வந்தாங்க. "எங்க வீட்டுக்காரரைக் காணோங்க. மைக்ல சொல்லி பிரயோஜனம் இல்ல, அவருக்குக் காது சுத்தமா கேக்காது. பிரிஞ்சிட்டா போர்டைப் பாருங்கன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். இன்னும் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டாரு"ன்னாங்க.

மாமா டைப் அடிச்சாரு. எங்க ஸ்கிரீன்ல வந்துடுச்சு. போர்டு எங்க தலைக்கு மேல பாதையைப் பாத்த மாதிரி இருந்ததால கொட்டாயிலிருந்து தெரியாது. அந்த அம்மாவுக்கு ஒரு சேர் போட்டோம். உக்காந்து, கூட்டத்துக்கு நடுவுல தெரிஞ்ச முகத்தையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

ரொம்ப நேரம் ஆச்சு. ஆளைக் காணோம். டீ குடிக்கலாம்னு ரோட்டுக்கு இறங்கித் திரும்பிப் பாத்தா, போர்டுல மத்தியானமே கெடச்சுட்ட வேற யாரோ ஒருத்தர் பேரு நிக்குது.

கடையில ஏன் ஓடுச்சுன்னு அப்பத்தான் மண்டையில உறைச்சுது. மாமாவுக்கு ஒரு பழக்கம். காலையில போர்டை ஓட்டற கம்ப்யூட்டர்லயே சாமி பாட்டைப் போட்டு விட்டுட்டுத்தான் மத்த வேலை. நாள் முழுக்க அது ஓடும். பாட்டோட டேட்டா கேஷ்ல வந்து நெருக்க நெருக்க, எழுத்து தானா வெளிய போயிருக்கு. இங்க சாயங்காலம் மைக்ல அறிவிப்பு சொல்றவங்க தொந்தரவுன்னு சொன்னதால பாட்டை நிறுத்திட்டாரு.

ஓடிப்போய், "பாட்டு போடுங்க மாமா"ன்னேன்.

"மைக்செட்டுக்காரங்க திட்டுவாங்கடா."

"ஸ்பீக்கர் ஒயரைப் புடுங்கிட்டுப் போடுங்க."

"சத்தமே இல்லாம எதுக்குடா பாட்டு?"

விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல. நானே ஒயரைப் புடுங்கிட்டு பாட்டை ஓட விட்டேன். வெளிய போய்ப் பாத்தேன். பழைய பேரு போய் அந்த மனுஷன் பேரு எரிஞ்சுது.

அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் ஆச்சு. கிரிவலத்துல யாரும் எதிர்ப்பக்கமா நடக்க மாட்டாங்க. ஒருத்தர் மட்டும் கூட்டத்தைக் கிழிச்சுக்கிட்டு எதிர்த்து வந்தாரு, எல்லார்கிட்டயும் இடி வாங்கிக்கிட்டு. போர்டைப் பாத்ததும் அங்கயே நின்னுட்டாரு. அந்த அம்மா ஓடிப்போய்க் கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

காது கேக்காதவர் இல்லையா, பேச்சு சத்தமாத்தான் வந்துச்சு. கொட்டாய் வரைக்கும் கேட்டுது.

"உன்னைத் தேடித்தான் திரும்பி வர்றேன். அப்பவே இந்தப் பக்கம் போனேன். நின்னு படிச்சுப் பாத்தேன். என் பேரு இல்ல. நீ என்னைத் தேடலன்னு நெனச்சுட்டேன்."

அந்த அம்மா இல்லை இல்லைன்னு தலையை ஆட்டிக்கிட்டே எங்க பக்கம் கையைக் காட்டினாங்க. மாமா ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் எழுந்து, கீபோர்டை என் பக்கம் தள்ளி வெச்சாரு.