தூசி இல்லாத இடம்

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் வார்டில் நான் மருத்துவராக மேற்பயிற்சிக்குச் சேர்ந்த வருடம் அவரைச் சந்தித்தேன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைத் தொழிலாளி. புருவத்தில்கூடக் கருந்தூள் படிந்த ஒடிசலான மனிதர். எங்கே நின்றாலும் ஜன்னல் விளிம்பை ஒரு விரலால் தடவி, அந்த விரலை உற்றுப் பார்ப்பார். எங்கள் வார்டையே சோதிக்கிறாரா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அவர் மகளுக்குக் காய்ச்சல் விட்டு, சிகிச்சையில் குறைந்திருந்த வெள்ளை அணுக்களும் ஏறிய காலையில், "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"இன்னும் கொஞ்ச நாள் இங்கயே வெச்சிக்க முடியாதா மேடம்?"

"வேற குழந்தைங்க பெட்டுக்குக் காத்திருக்காங்க" என்றேன். பிறகு எல்லாப் பெற்றோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: "புகை, தூசி பக்கம் குழந்தையை விடாதீங்க."

"கம்பெனி பின்னாடிதான் ஊடு மேடம். கதவ சாத்திக்கினு இருந்தாலும் தூசி உள்ள வந்துடுது. வேற ஊருக்குப் போலாம்னா வேலைய வுடணும். வேலைய வுட்டா ஈ.எஸ்.ஐ. கார்டு போய்டும். அப்புறம் வைத்தியத்துக்கு இன்னா பண்றது?"

வார்டு ஜன்னலைத் தடவி, விரலை என்னிடம் நீட்டினார். சுத்தமாக இருந்தது.

"இந்த மாதிரி ஒரு எடம் சொல்லுங்க மேடம். இன்னைக்கே குடி போயிடறோம்."

நான் அடுத்த பரிசோதனைக்கு வரவேண்டிய நாளைச் சொன்னேன்.

அதே அறிவுரையைத்தான் இன்றும் சொல்கிறேன். சொல்லும்போது மட்டும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல், மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருக்கிறேன்.